முகம் காணாக் குரல்

திருக்கோவிலூரில் வாழ்பவர் எச்சமயத்தவராயினும் இடைகழிக் கதையை அறியாதிருக்க இயலாது. பெருமழை பெய்த ஓரிரவில், ஒருவர் படுக்கவும் இருவர் அமரவும் மூவர் நிற்கவும் மட்டுமே இடமுள்ள ஒரு குறுகிய இடைகழியில் முதலாழ்வார் மூவரும் ஒருவர்பின் ஒருவராக வந்து ஒதுங்கினர். இருளில் நின்ற அம்மூவரையும் கண்ணுக்குப் புலப்படாத நான்காமவர் ஒருவர் வந்து நெருக்கினார் என்பது வைணவப் பெரியோர் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. நாம் அரபு மதரஸாவில் ஓதி வந்தவர்கள். அக்கதையின் சமயப் பொருளை விரித்துரைப்பது நமக்குரிய பணியன்று. ஆயினும், பெண்ணையாற்றங்கரையிலுள்ள இவ்வூரின் கடைவீதியில், ஒரு ஜவுளிக்கடையின் உட்புறத்தில் இருந்த மரப்பெட்டி வானொலியைச் சுற்றி மக்கள் தோளோடு தோள் நெருங்கி நின்றதை நம் தந்தையார் சொல்லக் கேட்கும்போதெல்லாம் நமக்கு அந்த இடைகழியே நினைவில் எழும். அக்கூட்டத்திலும் முகம் தெரியாத ஒருவர் வந்து நின்றார். பெரும்பாலும் டில்லியிலிருந்து வந்தார். சில வேளை பெர்லினிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் வந்தார்.

அரசியல் தலைவர்கள் வானொலியின் வழியே மக்களிடம் எவ்வாறு வந்து சேர்ந்தனர் என்பதை ஆராய்வோர் பெரும்பாலும் அவர்களுடைய நாவன்மையையே பேசுவர். நாம் பார்த்த வரையில் மக்கள் அக்குரல்களை வேறு தராசில் நிறுத்தினர். நெருக்கடி நேரத்தில் அக்குரல் வதந்தியை முந்திக்கொண்டு வந்ததா? வந்து சொன்ன சொல் பின்னர் மெய்யாக நின்றதா? இவ்விரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

சொல்லாராய்ச்சியில் நமக்குள்ள ஆசையை வாசக நேயர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். இக்கால அரபியில் வானொலி ஒலிபரப்புக்கு ‘இதாஅத்’ என்று பெயர். பரவுதல், மறைவானது வெளிப்படுதல் என்பன அதன் வேர்ப்பொருள். அதே வேரில் பிறந்த வினைச்சொல் ஒன்று திருக்குர்ஆனில் சூரத்துன் நிஸாவின் 83ஆம் வசனத்தில் வருகிறது. அமைதி பற்றியோ அச்சம் பற்றியோ ஒரு செய்தி எட்டியவுடன் அதைத் தீர ஆராய்பவர்களிடம் கொண்டு செல்லாமல் ஊரெல்லாம் பரப்பிவிடுவோரை அவ்வசனம் கண்டிக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் அரபு அறிஞர்கள் புதிய கருவிக்குப் பெயர் தேடியபோது இந்த வேரையே எடுத்தாண்டனர். அவ்வசனம் அவர்கள் நினைவில் இருந்ததோ இல்லையோ, பெயர் மட்டும் மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது.

கருவி வருவதற்கு முன்பும் தலைவரின் சொல் தொலைவில் நிற்போருக்கு எட்ட வேண்டியிருந்தது. அரஃபாப் பெருவெளியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நிகழ்த்திய இறுதிப் பேருரையை, உரத்த குரல் படைத்த ரபீஆ இப்னு உமய்யா என்பவர் வாக்கியம் வாக்கியமாக எடுத்து மக்களுக்கு ஒலித்தார் என்று சீறா நூல்கள் கூறும். பெரிய பள்ளிவாசல்களில் இமாமின் தக்பீரைப் பின்வரிசைகளுக்கு எடுத்துச் சொல்லும் முகப்பிரின் பணியும் அதுவே. அவர் தமது சொல் ஒன்றையும் சேர்க்கமாட்டார். இமாம் மறந்தால் திருத்தும் முறை ஒன்றும் ஜமாஅத்துக்கு உண்டு. வானொலியில் முன்னது ஓரளவு இருந்தது. பின்னது அறவே இல்லை. கேட்பவன் ‘சுப்ஹானல்லாஹ்’ என்று உரக்கச் சொன்னாலும் டில்லிக்குக் கேட்காது.

நம் மாகாணத்தில் வானொலியின் தொடக்கம் அரசியல்வாதிகளால் ஏற்பட்டதன்று. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் சென்னையில் ஒரு வானொலி மன்றம் அமைத்து ஒலிபரப்பினர். பொருள் முட்டுப்பாட்டால் 1927இல் அது நின்றது. கருவிகளைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பை நடத்தியது. மெரினாக் கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்து, காற்று வாங்க வந்தோர் இசை கேட்டனர். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16இலும், திருச்சி நிலையம் 1939 மே 16இலும் தொடங்கப்பெற்றன. திருச்சி நிலையத்தை அன்றைய பிரதமர் இராஜாஜி தொடங்கிவைத்தார். மாகாண முதலமைச்சரை அக்காலத்தில் பிரதமர் என்றே அழைத்தனர். ஆயினும் வானொலி வெள்ளையர் ஆட்சியின் கைக்குள்ளேயே இருந்தது. 1939 செப்டம்பர் 3 அன்று இந்தியாவும் போரில் இறங்கிவிட்டது என்பதை வைசிராய் லின்லித்கோ வானொலியில் அறிவித்தார். இந்தியத் தலைவர் ஒருவரிடமும் கலந்து பேசவில்லை. நாட்டின் தலைவர்களே தம் நாடு போரில் இறங்கிய செய்தியை மற்றவர்களைப் போலவே கேட்டறிந்தனர்!

வெளிநாடுகளில் நிலைமை வேறாக இருந்தது. அமெரிக்காவில் வங்கிகள் மூடிக்கிடந்த வேளையில், 1933 மார்ச் 12 இரவு, குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் வானொலியில் அமர்ந்து, வங்கி எவ்வாறு இயங்குகிறது என்பதை அண்டை வீட்டாரிடம் பேசுவதுபோல் விளக்கினார். வங்கிகள் திறந்ததும் மக்கள் பணத்தை எடுக்க ஓடாமல், வீட்டில் வைத்திருந்ததையும் கொண்டுவந்து கட்டினர். அதே ஆண்டில் ஜெர்மானிய நாஜி அரசு ‘மக்கள் வானொலி’ என்ற பெயரில் மலிவான பெட்டிகளைச் செய்து விற்கச் செய்தது. தொலைதூர நிலையங்களை எளிதில் பிடிக்க இயலாத எளிய அமைப்பு அதற்கு. ஒரே கருவி இரண்டு இடங்களில் இரண்டு வேலைகளைச் செய்தது.

கதவு அடைபட்டிருந்த இந்தியத் தலைவர்கள் சுவர் ஏறிக் குதித்தனர் என்றே சொல்ல வேண்டும். 1942 பிப்ரவரியில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியிலிருந்து தம் பெயரைச் சொல்லியே பேசினார். அவருடைய ஆசாத் ஹிந்த் வானொலி தமிழிலும் ஒலிபரப்பியது. மலேயாவிலும் பர்மாவிலும் வாணிபம் செய்துவந்த தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பல, ஜப்பானியர் பிடித்துக்கொண்ட நாடுகளில் தம்மவர் உயிரோடு இருக்கின்றனரா என்றறியாமல் தவித்த காலம் அது. அக்கரையிலிருந்து வந்த தமிழ்க்குரல் அரசியலுக்கும் அப்பால் ஓர் ஆறுதலாக இருந்திருக்கும். அதே 1942 ஆகஸ்டில் பம்பாயில் இருபத்திரண்டு வயது உஷா மேத்தா முதலியோர் இரகசியமாகக் ‘காங்கிரஸ் வானொலி’யை நடத்தினர். பிடிபடாதிருக்க இடம் மாற்றி இடம் மாற்றி ஒலிபரப்பிய அந்நிலையம் நவம்பர் 12 அன்று போலீசாரிடம் சிக்கியது. மூன்று மாதங்கூட நீடிக்காத அதன் ஒலி, தலைவர்களில் பெரும்பாலோர் சிறையிலிருந்த வேளையில் இயக்கம் மடியவில்லை என்பதற்குச் சாட்சியாக நின்றது.

அரசின் வானொலிக் கதவு திறந்த நாள் 1947 ஜூன் 3. அன்று டில்லி நிலையத்தில் மௌண்ட்பேட்டன், ஜவஹர்லால் நேரு, முஹம்மது அலி ஜின்னா, பல்தேவ் சிங் ஆகிய நால்வரும் ஒருவர்பின் ஒருவராகப் பேசிப் பிரிவினைத் திட்டத்தை அறிவித்தனர். ஜின்னா அவர்கள் தம் உரையின் தொடக்கத்தில் சொன்ன செய்தி ஒன்று நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது. அரசுப் பதவியில் இல்லாத ஒருவருக்கு, இந்த வலிமை வாய்ந்த கருவியின் வழியே அரசியல் குறித்து மக்களிடம் நேரடியாகப் பேச வாய்ப்பளிக்கப்படுவது தாம் அறிய இதுவே முதன்முறை என்றார். செய்தித்தாளின் குளிர்ந்த அச்செழுத்தைக் காட்டிலும் உயிர்ச்சூட்டோடு சொல் வந்து சேரும் என்ற பொருளிலும் பேசினார். தமிழ் முஸ்லிம்களில் மிகப் பலர் அதுவரை முஸ்லிம் லீக்கின் பின் நின்றவர்கள். தாம் போற்றிய தலைவரின் குரலை வானொலியில் கேட்ட அந்த நாளிலேயே அக்குரல் தம்மைவிட்டு வேறு நாட்டுக்குப் போகிறது என்பதையும் அவர்கள் அறிய நேர்ந்தது. இதைப் பற்றி நம் முன்னோர் அதிகம் பேசியதில்லை. கேட்டாலும், ‘அது ஒரு காலம்’ என்று சொல்லி வெற்றிலைப் பெட்டியைத் தேடுவார்கள்.

காந்தியடிகள் வானொலி நிலையத்துக்குச் சென்றது ஒரே ஒரு முறை: 1947 நவம்பர் 12, தீபாவளி நாள். குருக்ஷேத்திர முகாமில் இருந்த அகதிகளிடம் நேரில் செல்ல இயலாமையால் டில்லி நிலையத்தில் அமர்ந்து பேசினார். கருவிகளின்மேல் அவருக்கு அத்தனை நாட்டமில்லை என்பது உலகறிந்தது. எண்பது நாள் கழியுமுன், அதே வானொலி அவருடைய மரணத்தை அறிவிக்க வேண்டியதாயிற்று.

1948 ஜனவரி 30 ஒரு வெள்ளிக்கிழமை. டில்லியில் பிர்லா மாளிகைத் தோட்டத்தில் மாலை ஐந்தேகால் மணியளவில் காந்தியடிகள் சுடப்பட்டார். நாடு பிரிந்து ஆறு மாதங்கூட ஆகவில்லை. பஞ்சாபில் இரத்தம் உலரவில்லை. ‘சுட்டவன் யார்?’ என்ற ஒரு கேள்வியின் விடையில் நாடெங்கும் எத்தனை இலட்சம் உயிர்கள் தொங்கின என்பதை இன்றுள்ள இளைஞர்களுக்கு உணர்த்துவது கடினம். மௌண்ட்பேட்டன் பிர்லா மாளிகைக்கு விரைந்து வந்தபோது, கூட்டத்தில் ஒருவன், சுட்டவன் ஒரு முஸ்லிம் என்று கூவினான். உடனே மௌண்ட்பேட்டன் திரும்பி, முட்டாளே, அவன் இந்து என்பது உனக்குத் தெரியாதா என்று அதட்டினார். உடனிருந்த அவருடைய உதவியாளர் காம்ப்பெல் ஜான்சன், அது எப்படித் தெரியும் என்று மெல்லக் கேட்டார். எனக்குத் தெரியாது, ஆனால் முஸ்லிமாக இருந்தால் உலகம் காணாத படுகொலை இங்கே நிகழும் என்பது அவருடைய மறுமொழி.

ஃபிக்ஹு நூல்களை ஓதிய மனம் இவ்விடத்தில் சற்றுத் தயங்கும். அறியாததை அறிந்ததாகச் சொல்வது பொய்யல்லவா? அது மெய்யாக முடிந்தது இறைவன் அருள். ஆனால் வானொலி அப்படிச் செய்யவில்லை. சுட்டவன் யாரென்பது உறுதியாகும்வரை செய்தியை நிறுத்திவைத்து, மாலை ஆறு மணிக்கு அறிவித்தனர் என்று வரலாறு எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அவ்வறிவிப்பில் காந்தியடிகள் கொல்லப்பட்டார் என்ற செய்தியை அடுத்து, கொலையாளி ஓர் இந்து என்ற வாக்கியமும் இருந்தது. பிற நாள்களில் ஒரு குற்றவாளியின் சமயத்தை வானொலி சொல்வது முறையன்று. அன்று அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அதுவே பெருங்குற்றமாகியிருக்கும். அன்றிரவு நேருவும், அப்போது ஒலிபரப்புத் துறையையும் கவனித்துவந்த சர்தார் படேலும் வானொலியில் பேசினர். இது ஒரு பித்தனின் செயல் என்றும், அமைதி காக்க வேண்டும் என்றும் தழுதழுத்த குரலில் நேரு கேட்டுக்கொண்டார்.

அந்நாளில் நம் தந்தையார் பதினாறு வயதுச் சிறுவர். ஜவுளிக்கடையில் எடுபிடி வேலை. மஃரிபுக்குப் பள்ளிவாசல் சென்றவர்கள் தொழுகை முடிந்து வாயிலுக்கு வந்தபோதே, ‘காந்தியைச் சுட்டுவிட்டார்கள்’ என்ற பேச்சு வீதியில் வந்துவிட்டதாம். யார் சுட்டது என்பது வரவில்லை. பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். கடைகள் ஒவ்வொன்றாகப் பலகை இழுத்தன. வீடுகளில் பெண்கள் விளக்கைத் தணித்துக்கொண்டு அமர்ந்தனர். ஜவுளிக்கடை முதலாளி முஸ்லிமல்லர். அவர் கடையைச் சாத்தவில்லை. உள்ளேயிருந்த வானொலிப் பெட்டியை இருவர் தூக்கிவந்து திண்ணையில் வைக்கும்படி சொன்னார். ஏரியல் கம்பியை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றவர் நம் தந்தையார். செய்தி வந்தது, அந்த வாக்கியமும் வந்தது. அதன்பின் அங்கு நின்றவர்களில் முஸ்லிம்களும் அழுதனர், மற்றவர்களும் அழுதனர். அதற்கு முன் அழவும் அஞ்சி நின்றவர்கள் நாங்கள் என்று தந்தையார் சொல்வார். இறுதிக் காலம்வரை இந்த ஒரு செய்தியைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் உடையும்.

தமிழகத்தில் அச்சம் இன்னொரு பக்கத்திலும் இருந்தது. கொலையாளி மராட்டியப் பிராமணன் என்று தெரிந்ததும் மராட்டியப் பகுதிகளில் பிராமணர் வீடுகள் தீக்கிரையாயின. இங்கே பிராமணரல்லாதார் இயக்கம் வலுப்பெற்றிருந்த காலம். அவ்வேளையில் திருச்சி வானொலியில் பெரியார் ஈ.வெ.ரா. பேசினார். காந்தியாரோடு தமக்கிருந்த கருத்து வேற்றுமைகளை நாடறியும் என்ற நிலையில், அவர் மறைவுக்கு வருந்தி, மக்கள் அமைதி காக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அறிஞர் அண்ணாவும் காந்தியடிகள் குறித்துத் திருச்சி வானொலியில் உரையாற்றினார். அவ்வுரை பின்னர் ‘உலகப் பெரியார் காந்தி’ என்று நூலாகவும் வந்தது. அன்று தென்னார்க்காட்டு மாவட்டத்து ஓமந்தூரைச் சேர்ந்த இராமசாமி ரெட்டியார் மாகாணப் பிரதமர். எதிரணியில் உள்ளவர்களின் குரலுக்கே மக்களை அடக்கும் ஆற்றல் உண்டு என்பதை அறிந்து அரசின் வானொலி இடங்கொடுத்ததை நாம் பாராட்டவே வேண்டும்.

ஆனால் அந்தத் தாராளம் நீடிக்கவில்லை. சுதந்திர இந்தியாவில் வானொலி ஆளுவோரின் வாயாகவே வளர்ந்தது. திராவிட இயக்கத்தாருக்கு அங்கே பெரிதாக இடமில்லை. அதனால் அவர்கள் மேடையையும் நாடகத்தையும் திரைப்படத்தையும் தம் வானொலியாக்கிக் கொண்டனர். நம் நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்களின் கழகப் பாடல்கள் இசைத்தட்டிலும், மாநாட்டுப் பந்தலின் கூம்பு ஒலிபெருக்கியிலும் ஒலித்தே ஊர்தோறும் பரவின. ஊராட்சிக் கட்டடத்தில் பஞ்சாயத்து ரேடியோ ஒரு பக்கம் பிரதமரின் உரையைச் சொல்ல, திருமண வீட்டு ஒலிபெருக்கி மறுபக்கம் எதிர்க்கட்சிப் பாட்டைப் பாடும். தமிழர்கள் இரண்டு காதுகளாலும் அரசியல் கேட்டனர்.

அந்தப் பஞ்சாயத்து ரேடியோவைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்லலாகாது. தனி வீட்டில் வானொலி வைக்க அஞ்சல் நிலையத்தில் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்த காலத்தில், ஊராட்சியின் அறையில் பூட்டி வைத்த ஒரு பெட்டியும் வெளியே மாட்டிய ஒலிபெருக்கியுமே சிற்றூர் மக்களின் செவிகளாக இருந்தன. உழவர் நிகழ்ச்சிக்கும் மாநிலச் செய்திக்கும் கூட்டம் கூடும். தலைவர் பேசும்போது அருகில் அமர்ந்திருப்பவர் யார் என்பதும் முக்கியம். மிராசுதாரும் கூலியாளும் பள்ளிவாசல் மோதினாரும் ஒரே உரையைக் கேட்டு, ஒருவர் முணுமுணுப்பை ஒருவர் கேட்டனர். பிற்காலத்தில் டிரான்சிஸ்டர் வந்து ஒவ்வொருவரும் தனித்தனியே காதில் வைத்துக்கொண்டபோது அந்த முணுமுணுப்பு போயிற்று. நாம் இதை இழப்பென்றே கருதுகிறோம்.

1965இல் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி இந்நாட்டைக் குலுக்கிற்று. ஜனவரி 27 அன்று, நம் பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்திலேயே, அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். பிப்ரவரி 11ஆம் நாள் மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தனர். அன்றே பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசினார். நேரு கொடுத்த வாக்குறுதிகள் காப்பாற்றப்படும். மாநிலங்கள் தம் அலுவல்களைத் தம் மொழியிலோ ஆங்கிலத்திலோ நடத்தலாம். மாநிலங்களிடையே கடிதப் போக்குவரத்து ஆங்கிலத்தில் அல்லது ஆங்கில மொழிபெயர்ப்போடு நடக்கும். மத்திய அரசின் அலுவல்களிலும் அகில இந்தியப் பணித் தேர்வுகளிலும் ஆங்கிலம் தொடரும் என்றார். மறுநாள் மாணவர் குழுவினர் போராட்டத்தைத் தள்ளிவைத்தனர். அதே மறுநாள் பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தது. ஒரு குரல் எல்லா இடத்துக்கும் ஒரே வேளையில் சென்றாலும், அதன் பயன் ஒரே வேளையில் விளைவதில்லை.

காற்றில் சொன்ன வாக்குறுதி சட்டமாவதற்கு ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆயின. ஆட்சிமொழித் திருத்தச் சட்டம் 1967 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதற்குள் அதே ஆண்டின் தொடக்கத்தில் நடந்த தேர்தலில் தமிழ்நாட்டில் காங்கிரஸ் ஆட்சி அகன்றுவிட்டது. சாஸ்திரியாரின் எளிமையான குரலைத் தமிழ் மக்கள் வெறுத்தாரில்லை. உணவுப் பஞ்சத்தின்போது வாரத்தில் ஒரு வேளை உணவைத் துறக்கும்படி அவர் வேண்டிக்கொண்டதைப் பலர் ஏற்று நடந்தனர். ஆனால் சொல்லையும் எழுத்தில் வந்த சட்டத்தையும் அவர்கள் வேறுபடுத்திப் பார்த்தனர்.

அரபு நாட்டில் வானொலியின் கதை இதைவிடக் கூர்மையானது. எகிப்தில் 1953இல் ‘ஸவ்துல் அரப்’, அதாவது ‘அரபிகளின் குரல்’, என்னும் ஒலிபரப்பு தொடங்கிற்று. பாலைவனக் கூடாரங்களிலும் யமன் மலைகளிலும் எழுத்தறியாத மக்கள் அதைக் கேட்டனர். 1956 ஜூலை 26 இரவு நாஸிர் அலெக்சாந்திரியாவில் பேசினார். சூயஸ் கால்வாயை வெட்டுவித்த பிரெஞ்சுக்காரர் டி லெஸ்ஸப்ஸின் பெயரைத் தம் உரையில் சொல்வதே அடையாளம். அதை வானொலியில் கேட்டவுடன் மஹ்மூத் யூனுஸின் தலைமையில் காத்திருந்தவர்கள் கால்வாய்க் கம்பெனியின் அலுவலகங்களைக் கைப்பற்ற வேண்டும். கேட்கத் தவறிவிடுவார்களோ என்றஞ்சி நாஸிர் அப்பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னாராம். உரை முடியுமுன் கால்வாய் கைமாறிவிட்டது. தலைவரின் வானொலிப் பேச்சே செயலாக முடிந்த நிகழ்ச்சி உலக வரலாற்றில் இதைப்போல் மற்றொன்று உண்டா என்பது ஐயமே.

பதினோராண்டுகள் கழித்து 1967 ஜூனில் அதே நிலையம் என்ன செய்தது? எகிப்திய விமானங்கள் போர் தொடங்கிய காலையிலேயே தரையில் எரிந்து கொண்டிருக்க, அறிவிப்பாளர் அஹ்மத் ஸஈத், எதிரி விமானங்கள் இத்தனை வீழ்ந்தன, அத்தனை வீழ்ந்தன என்று வெற்றி முழக்கம் செய்தார். கேட்டவர்கள் தெருக்களில் ஆடிப்பாடினர். சில நாள்களில் உண்மை வெளிவந்தது. ஜூன் 9 அன்று நாஸிரே வானொலியில் வந்து தோல்வியை ஒப்பி, பதவி விலகுவதாகச் சொன்னார். மக்கள் வீதிகளில் திரண்டு, போகாதே என்று கதறினர். மறுநாள் விலகலைத் திரும்பப் பெற்றார். தலைவர்மேல் அன்பு எஞ்சியது. நிலையத்தின்மேல் நம்பிக்கை எஞ்சவில்லை. ஸஈத் அகற்றப்பட்டார். ‘அதாஊ பிஹி’ என்னும் அந்த வசனத்தின் சொற்றொடரை நாம் ஓதும்போதெல்லாம் இந்நிகழ்ச்சி நெஞ்சில் குறுக்கிடும்.

நம் நாட்டிலும் அத்தகைய காலம் வந்தது. 1975 ஜூன் 26 காலை பிரதமர் இந்திரா காந்தி நெருக்கடி நிலையை வானொலியில் அறிவித்தார். டில்லியில் பத்திரிகை அலுவலகங்கள் பலவற்றுக்கு முந்தைய இரவே மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்தது. எனவே அன்று பேசிய வாய் ஒன்றே ஒன்று. அடுத்த ஆண்டு ஜனவரி 31இல் தமிழகத்தில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. மக்கள் அகில இந்திய வானொலிக்குப் பட்டப்பெயர் சூட்டிவிட்டு, இரவில் பி.பி.சி. தமிழோசையின் முள்ளைத் தேடித் திருப்பினர். 1941 மே மாதம் போர்க்காலத்தில் தோன்றிய அத்தமிழோசை, அதன் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரலில் நிற்கும்வரை நம் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு சாட்சி சொல்பவராகவே இருந்தது. 1977 தேர்தலில்தான் முதன்முறையாக எதிர்க்கட்சிகளுக்கும் வானொலியில் பேச நேரம் ஒதுக்கப்பட்டது.

இலங்கை வானொலியை நாம் எப்படி மறப்போம்? அதன் முஸ்லிம் நிகழ்ச்சிக்காக இக்கரையில் எத்தனை வீடுகள் காத்திருந்தன! 1983 ஜூலையில், நாம் மதரஸாவில் ஸர்ஃபு பாடம் ஓதிக்கொண்டிருந்த பருவத்தில், கொழும்பில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. ஜூலை 24 இரவு தொடங்கிய வன்செயல் குறித்து, நான்கு நாள் கழித்து 28ஆம் நாளே அதிபர் ஜெயவர்தனா நாட்டு மக்களிடம் பேசினார். உயிரும் உடைமையும் இழந்தவர்களுக்கு ஓர் இரங்கற்சொல் அவ்வுரையில் இல்லை. 1948 ஜனவரி 30இன் மாலையையும் இந்த நான்கு நாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வானொலியின் முன் ஒரு தலைவர் எப்போது அமர்கிறார் என்பது அவர் என்ன பேசுகிறார் என்பதற்குச் சற்றும் குறைந்ததன்று என்பது விளங்கும்.

இவ்விடத்தில் ஒரு சிறு சொந்த நினைவு. மாணவர் விடுதியில் வானொலி தடை. நம்மிடமிருந்த கையளவு டிரான்சிஸ்டரை விடுதி உஸ்தாது பறிமுதல் செய்து தம் அலமாரியில் பூட்டிவிட்டார். ஓராண்டு அது அங்கேயே கிடந்தது. 1984 அக்டோபர் 31 அன்று பிரதமர் சுடப்பட்டார் என்ற பேச்சு நண்பகலில் பரவியது. பி.பி.சி. மரணத்தையே அறிவித்துவிட்டது என்றும் வெளியே பேசிக்கொண்டனர். நம் வானொலியோ மாலைவரை அதை உறுதி செய்யவில்லை. அஸருக்குப் பின் உஸ்தாது அலமாரியைத் திறந்து, அதே டிரான்சிஸ்டரை எடுத்துவந்து, மின்கலம் தீர்ந்திருப்பதைக் கண்டு, கடைக்கு ஆள் அனுப்பி, எங்கள் நடுவில் அமர்ந்தார். ஆறு மணிச் செய்தியை நாங்கள் நாற்பது பேர் மூச்சடக்கிக் கேட்டோம். சுட்டவர் யார் என்ற கேள்வி அன்றும் இருந்தது. இம்முறை விடையில் சிக்கியவர்கள் டில்லியில் வாழ்ந்த சீக்கியர்கள். டிரான்சிஸ்டர் மீண்டும் அலமாரிக்கே போயிற்று, நாம் கேட்கவில்லை.

இன்று தலைவர்களின் கையில் கருவிகள் பல. ஆயினும் 2014 அக்டோபர் 3 முதல் பிரதமர் நரேந்திர மோடி ‘மனத்தின் குரல்’ என்ற பொருளில் திங்கள்தோறும் வானொலியையே தேர்ந்து பேசிவந்தார். 2023 ஏப்ரல் 30இல் அது நூறாவது உரையை எட்டிற்று. தமிழாக்கமும் ஒலிபரப்பாகிறது. மக்கள் எழுதியனுப்பும் செய்திகளை எடுத்துக் கூறுவது அதன் புதுமை. ஆனால் எதிர்வினாவுக்கு இடமில்லை என்பதில் 1939இன் வானொலிக்கும் இதற்கும் வேறுபாடு குறைவே. அந்த நூறாவது உரை முடிந்த சில நாள்களிலேயே, 2023 மே மாதத்தில், ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்னும் பெயருக்கு மாறாக எங்கும் ‘ஆகாசவாணி’ என்றே சொல்ல வேண்டும் என்று ஆணை வந்தது. ‘வானொலி’ என்னும் தமிழ்ச்சொல்லில் வளர்ந்தவர்கள் தமிழகத்தில் எதிர்ப்புத் தெரிவித்தனர். யார் பேசுவது என்ற வழக்கு ஒருபுறமிருக்க, பேசும் பெட்டிக்கு என்ன பெயர் என்ற வழக்கே நம்மிடம் இன்னும் தீரவில்லை.

கல்வராயன் மலைப்பக்கத்திலிருந்து வந்து நம்மிடம் அரபு எழுத்துப் படிக்கும் மாணவர் ஒருவர் உண்டு. சென்ற ஆண்டு ‘அதாஅ, யுதீஉ’ என்ற வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் எழுந்து, ‘ஹஜ்ரத், கைப்பேசியில் வந்ததை அப்படியே பத்துப் பேருக்குத் தள்ளிவிடுவதும் இதாஅத்தில் சேருமா?’ என்று கேட்டார். சேரும் என்றோம். ‘அப்படியானால் இப்போது எல்லாரிடமும் ஒரு நிலையம் இருக்கிறதே!’ என்றார். வகுப்பு சிரித்தது. நாம் ஜவுளிக்கடைத் திண்ணையையும், ஏரியல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பதினாறு வயதுச் சிறுவரையும் பற்றி அன்று அவர்களுக்குச் சொன்னோம். பாடம் அன்று முடியவில்லை. வாய்பாட்டின் மீதியை மறுநாளே எழுதினோம்.